ஆழ்வாரைத் திருக்குருகூரில் மீண்டும் எழுந்தருளப்பண்ணிய திருவாய்மொழிப் பிள்ளை

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

வைகாசி விசாகம் என்றவுடன் நம் நெஞ்சில் முதலில் தோன்றுவது திருக்குருகூரில் நம்மாழ்வார் திருவவதரித்த வைபவமே. அதே திருநக்ஷத்ரத்தில் அவதரித்த மற்றோர் ஆசார்யரையும் நம் ஸம்ப்ரதாயம் கொண்டாடுகிறது. அவர் மணவாள மாமுனிகளின் ஆசார்யரான திருமலையாழ்வார். வடமொழியில் ஸ்ரீசைலேசர் என்பது அவருடைய திருநாமம். மாமுனிகளைப் போற்றும் தனியனின் முதற்சொல்லாக அமைந்திருப்பதும் இத்திருநாமமே. ஆகவே உலகில் எந்தத் திவ்யதேசத்தில், எந்த இல்லத்தில் அருளிச்செயல் கோஷ்டி தொடங்கினாலும், தென்னாசார்ய ஸம்ப்ரதாயத்தார் நாவில் முதலில் எழுவது இவருடைய பெயராகவே இருக்கிறது.

ஆயினும் பூர்வர்கள் அவரை அழைத்தது திருவாய்மொழிப் பிள்ளை என்று. ஒரு ப்ரபந்தத்தின் பெயரே ஒருவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. ஆழ்வாரும் அவர் அருளிச்செய்த திருவாய்மொழியும் வேறு வேறல்ல என்பது நம் பெரியோர்களின் துணிபு. அந்தத் துணிபு ஒருவருடைய வாழ்க்கையாகவே நடந்தது என்று சொல்லும்படி அமைந்தது இவருடைய சரித்திரம். திருவாய்மொழியின் பொருள் சில ஆசார்யர்களின் நெஞ்சில் மட்டுமே தங்கியிருந்த காலம் அது. ஆழ்வாரின் அர்ச்சாத் திருமேனியோ தம் ஊரை விட்டு வெளியே எழுந்தருளியிருந்தது. இவ்விரண்டும் மீண்டு ஓரிடத்தில் சேர்ந்தது இந்த மஹானின் முயற்சியால்.

இதன் அருமை விளங்குவதற்குச் சற்று முன்னே சென்று பார்க்கவேண்டும். திருவாய்மொழி ஒரு முறை உலகத்தாருக்கு எட்டாமற் போயிருந்தது. வீரநாராயணபுரத்தில் எழுந்தருளியிருந்த நாதமுனிகள், யாத்ரையாக வந்தவர்கள் பாடிய ஒரு திருவாய்மொழிப் பதிகத்தைக் கேட்டு, அது ஆயிரம் பாசுரங்களில் ஒரு பகுதி என்று அதிலிருந்தே அறிந்தார். எஞ்சிய பாசுரங்களைத் தேடித் திருக்குருகூருக்கு எழுந்தருளினார். அங்கும் அவற்றை அறிந்தவர் இல்லை. மதுரகவியாழ்வாரின் வம்சத்தவரான பராங்குச தாஸர் தமக்குத் தெரிந்த கண்ணிநுண்சிறுத்தாம்பு என்னும் ப்ரபந்தத்தை உபதேசித்தார். நாதமுனிகள் திருப்புளியின் அடியில் அமர்ந்து அதனை 12,000 முறை அநுஸந்தித்தார். அப்போது ஆழ்வார்தாமே அவருக்கு ஸேவை ஸாதித்து, திருவாய்மொழியையும் மற்றைப் ப்ரபந்தங்களையும் பொருளோடு தந்தருளினார் என்று குருபரம்பரை கூறும். நாதமுனிகள் ப்ரபந்தத்தைத் தேடிச் சென்றார், கிடைத்தவரோ ஆழ்வார். திருவாய்மொழி அநுஸந்திக்கப்படும் இடத்தில் ஆழ்வார் எழுந்தருளியிருக்கிறார் என்று நம் பெரியோர் நம்புவதற்கு இந்த வரலாறே வேர்.

இந்த நம்பிக்கையைத் திருக்கோயில் நடைமுறையிலும் காணலாம். பெருமாள் வீதியில் புறப்பாடு கண்டருளும்போது அருளிச்செயல் கோஷ்டி அவருக்கு முன்னே செல்கிறது. வேத கோஷ்டி பின்னே வருகிறது. பெருமாளின் திருவடிநிலைகளுக்கு ஸ்ரீசடகோபம் என்பதே பெயர். ஸந்நிதியில் நம் தலைமேல் அது ஸாதிக்கப்படும்போது ஆழ்வாரே நம்மைத் தீண்டுகிறார். அத்யயன உத்ஸவத்தில் திருவாய்மொழி ஸேவிக்கப்பட்டு முடியும் நாளில் ஆழ்வாரைப் பெருமாள் திருவடிகளில் சேர்க்கும் திருவடி தொழுதல் நடைபெறுகிறது. பாசுரங்கள் நிறைவடையும்போது பாடியவரும் பேறு பெறுகிறார் என்று காட்டும் நிகழ்ச்சி அது.

திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களுக்கும் பொருளுரைக்கும் வ்யாக்யானங்கள் பல தோன்றின. அவற்றுள் ஈடு என்று புகழ்பெற்ற முப்பத்தாறாயிரப்படி, நம்பிள்ளை திருவரங்கத்தில் அருளிச்செய்த காலக்ஷேபத்தை அவருடைய சிஷ்யரான வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்தது. ஒரு படி என்பது 32 எழுத்துக்கள் கொண்ட அளவு. அவ்வகையில் ஈடு 11 லக்ஷத்துக்கும் மேற்பட்ட எழுத்துக்களால் ஆனது. தம் அநுமதியின்றி எழுதப்பட்ட அந்த நூலின் சிறப்பை நம்பிள்ளை மெச்சினாராயினும், உடனே அதை உலகில் பரவவிடவில்லை. தாமே வாங்கி வைத்துக்கொண்டு, பின்பு ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுத்தருளினார். மாதவரிடமிருந்து அவருடைய குமாரர் பத்மநாபப் பெருமாளுக்கும், அவரிடமிருந்து நாலூர்ப் பிள்ளைக்கும், அவரிடமிருந்து அவருடைய குமாரர் நாலூராச்சான் பிள்ளைக்கும் அது வந்து சேர்ந்தது. மாமுனிகள் உபதேச ரத்தின மாலையில் இந்த வரிசையை நினைவுகூர்ந்திருக்கிறார். ஏடு ஒன்று, அதை உரைக்கவல்ல நாவும் தலைமுறைக்கு ஓரிரண்டு என்னும்படி மெல்லிய இழையாக அந்த ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் பேரிடி விழுந்தது. 1323ஆம் ஆண்டு தில்லியிலிருந்து வந்த படை திருவரங்கத்தைத் தாக்கியது. நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு, முதிர்ந்த திருமேனியோடு பிள்ளை லோகாசார்யர் தெற்கு நோக்கி நடந்தார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடி என்னும் சிற்றூரில், பெருமாளைக் காக்கும் கவலையினூடே, அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவர் காலத்தில் புறப்பட்ட நம்பெருமாள் மீண்டும் திருவரங்கம் சேர்ந்தது 1371இல். இடையே 48 ஆண்டுகள் கழிந்தன.

தம் அந்திம காலத்தில் பிள்ளை லோகாசார்யர் சிஷ்யர்களை அழைத்து ஒரு கட்டளையிட்டார். திருமலையாழ்வார் என்னும் ஒருவர் மதுரையில் ராஜகார்யத்தில் அமிழ்ந்திருக்கிறார். அவரைத் திருத்திப் பணிகொண்டு ஸம்ப்ரதாயத்துக்குத் தலைவராக்க வேண்டும் என்பது அது. கூரகுலோத்தம தாஸர், விளாஞ்சோலைப் பிள்ளை, திருக்கண்ணங்குடிப் பிள்ளை, திருப்புட்குழி ஜீயர், நாலூர்ப் பிள்ளை ஆகியோருக்கு அந்தப் பொறுப்பு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரே ஒருவரை மீட்க இத்தனை பேரா என்று தோன்றலாம். இடர் சூழ்ந்த காலத்தில் ஒருவரிடம் மட்டும் ஒன்றை ஒப்படைப்பது எத்தகைய அபாயம் என்பதை ஓடி ஒளிந்து வந்த அந்த ஆசார்யர் அறிந்திருந்தார். பின் நிகழ்ந்தவை அவருடைய முன்யோசனையின் பெருமையைக் காட்டின.

திருமலையாழ்வார் வைகைக் கரையை அடுத்த குந்தீநகரம் என்னும் கொந்தகையில் அவதரித்தவர். இளம் பருவத்திலேயே பிள்ளை லோகாசார்யர் திருவடிகளில் ஆச்ரயித்தவர். ஆனால் காலப்போக்கில் தமிழிலும் வடமொழியிலும் வல்லவராய், ஆட்சித் திறம் மிக்கவராய், மதுரையில் அரசியல் பொறுப்பை ஏற்று, அதிலேயே மூழ்கிப்போனார். கற்ற கல்வி இருந்தது, அதிகாரம் இருந்தது, ஆசார்யரின் நினைவு மட்டும் மங்கியிருந்தது.

ஒரு நாள் அவர் பரிவாரங்களோடு நகர்வலம் வரும்போது, வழியில் கூரகுலோத்தம தாஸர் திருவிருத்தத்தின் முதற்பாசுரத்தை அநுஸந்தித்துக்கொண்டிருந்தார். ஆழ்வாரின் சொல் செவியில் பட்டதும் திருமலையாழ்வார் நின்றார். அதன் பொருளைச் சொல்லும்படி கேட்டார். தாஸரோ பொருளுரைக்காமல் இகழ்ச்சி தோன்ற உமிழ்ந்தார். உடன் வந்த காவலர் சீறி எழுந்தனர். திருமலையாழ்வார் அவர்களைத் தடுத்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குச் சிந்தனை வந்தது. நடந்ததைத் தம் சிறிய தாயாரிடம் தெரிவித்தபோது, அந்த அம்மையார் அவருக்குப் பழைய ஆசார்ய ஸம்பந்தத்தை நினைவூட்டினார். ராஜ்யத்தை ஆளத் தெரிந்தும் ஆழ்வார் பாசுரம் ஒன்றின் பொருள் தமக்குத் தெரியவில்லையே என்ற வருத்தம் அவரைப் பற்றிக்கொண்டது.

பின்னொரு நாள் அவர் யானைமீது வருகையில், தாஸர் தம்மைக் காணும்படி ஒரு மேட்டில் நின்றார். கண்டவுடன் திருமலையாழ்வார் இறங்கி, தெருவென்றும் பாராமல் தண்டனிட்டார். தாஸரைத் தம் திருமாளிகைக்கு அழைத்துச் சென்று உபதேசம் கேட்கத் தொடங்கினார். அரசுப் பணிகளுக்கிடையே கிடைத்த பொழுது காலையில் திருமண்காப்பு சாற்றிக்கொள்ளும் நேரம் மட்டுமே. அவ்வேளையில் அவர் பிள்ளை லோகாசார்யரின் தனியனை அநுஸந்திப்பதைக் கண்டு தாஸர் உகந்தார். ஒரு நாள் ராஜகார்ய நெருக்கடியால் அந்த நேரம் தவறியது. மறுநாள் முதல் தாஸர் வருவதை நிறுத்திவிட்டார். திருமலையாழ்வார் தாமே அவர் இருக்கும் இடத்துக்குச் சென்று அபராத க்ஷாமணம் வேண்டி, அவர் அமுது செய்த சேஷத்தை உண்டார். அதன்பின் அவருக்கு அரண்மனை வாழ்வில் பற்று அற்றது. பொறுப்பை இளவரசனிடம் ஒப்படைத்துவிட்டு ஆசார்யர் பின்னே சென்றார்.

அவர் அதிகாரத்திலிருந்த காலம் முழுவதும் வீண்போயிற்று என்று எண்ணிவிடலாகாது. ஆழ்வாரின் திருமேனியே அவருடைய உதவியை எதிர்பார்த்த நிகழ்ச்சி ஒன்றை யதீந்த்ரப்ரவண ப்ரபாவம் முதலான நூல்கள் விவரிக்கின்றன.

படையெடுப்பின் அச்சத்தால் திருக்குருகூரிலிருந்தும் ஆழ்வாரை வெளியே எழுந்தருளப்பண்ண வேண்டியதாயிற்று. மலைநாட்டு வழியே அவர் கோழிக்கோடு வரை எழுந்தருளினார். அங்கே நம்பெருமாளும் ஆழ்வாரும் சில காலம் சேர்ந்து எழுந்தருளியிருந்தனர் என்பர். அதன்பின் இருவரும் பிரிந்தனர். வழியில் கள்வர் பயம் மிகவே, ஆழ்வாரை ஒரு பெட்டியில் எழுந்தருளப்பண்ணி, முந்திரிப்பு என்னும் இடத்தில் மலையின் ஆழ்ந்த பள்ளத்தில் இறக்கி மறைத்து வைத்தனர். உடன் வந்தவர்கள் சிதறினர். ஆழ்வார் இருக்கும் இடம் அறிந்தவருள் ஒருவரான தோழப்பர், துணை தேடி மதுரைக்கு வந்து திருமலையாழ்வாரைக் கண்டார். திருமலையாழ்வார் ஆட்களையும் வேண்டிய உதவிகளையும் தந்து அனுப்பினார்.

பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தபோது இறங்குவதற்கு ஒருவரும் துணியவில்லை. தோழப்பர் தாமே பலகையில் அமர்ந்து சங்கிலியைப் பற்றிக்கொண்டு கீழிறங்கினார். கருடப்பறவை ஒன்று வட்டமிட்ட இடத்தை அடையாளமாகக் கொண்டு ஆழ்வாரைக் கண்டெடுத்தனர் என்று பெரியோர் சொல்லுவர். முதலில் ஆழ்வாரைப் பலகையில் எழுந்தருளப்பண்ணி மேலே ஏற்றினார். பின்பு தாம் ஏறிவரும்போது தவறிப் பள்ளத்தில் விழுந்து திருநாடு அலங்கரித்தார். தந்தையை இழந்து கதறிய அவருடைய குமாரருக்கு ஆழ்வார் தாமே தந்தையாயிருப்பதாக அருளினார். அன்று முதல் அவருக்கு ஆழ்வார் தோழப்பர் என்னும் பெயர் நிலைத்தது. அங்கிருந்து ஆழ்வார் கர்நாடக தேசத்தில் உள்ள திருக்கணாம்பிக்கு எழுந்தருளி, அங்கே நெடுங்காலம் இருந்தார்.

ஆழ்வாரின் திருமேனியைக் காக்க ஒருவர் உயிரையே கொடுத்தார். அதே ஆழ்வாரின் திருவாய்மொழியைக் காக்கும் பணி திருமலையாழ்வாருக்குக் காத்திருந்தது.

மதுரையை விட்டு நீங்கிய திருமலையாழ்வார் கூரகுலோத்தம தாஸரின் நியமனப்படி திருவனந்தபுரத்தில் விளாஞ்சோலைப் பிள்ளையிடம் ரஹஸ்யார்த்தங்களைக் கேட்டார். திருவாய்மொழியைத் திருக்கண்ணங்குடிப் பிள்ளையிடம் கேட்கத் தொடங்கினார். அவர் பாசுரங்களின் தாத்பர்யத்தைச் சுருங்க உரைத்துவந்தார். திருமலையாழ்வாருக்கு அது போதவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் விரிவான பொருள் கேட்க விரும்பினார். அந்த ஆவலைக் கண்ட ஆசார்யர் அவரைத் திருப்புட்குழி ஜீயரிடம் அனுப்பிவைத்தார்.

காஞ்சிக்கு அருகே உள்ள திருப்புட்குழிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, ஜீயர் திருநாட்டுக்கு எழுந்தருளிப் பன்னிரண்டாம் நாள் கார்யம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை லோகாசார்யர் தமக்கென்று குறித்துவைத்த ஆசார்யர்களுள் ஒருவர் சில நாள் இடைவெளியில் கைநழுவிப் போனார். அவர் நெஞ்சில் இருந்த அர்த்தங்களும் அவரோடு சென்றுவிட்டன. எத்தனை ஏடுகள் இருந்தாலும் உரைப்பவர் மறைந்தபின் அவை பேசமாட்டா என்பதை அந்த நாள் திருமலையாழ்வாருக்கு உணர்த்தியது.

மனம் உடைந்து அவர் காஞ்சியில் பேரருளாளனை மங்களாசாஸனம் செய்யச் சென்றார். ஸந்நிதியில் அவருக்குத் தீர்த்தம், திருமாலை, ஸ்ரீசடகோபம் முதலியன ஸாதிக்கப்பட்டன. நாலூர்ப் பிள்ளையும் அப்போது அங்கே எழுந்தருளியிருந்தார். பெருமாள் அர்ச்சக முகேன நாலூர்ப் பிள்ளையிடம், ஜ்யோதிஷ்குடியில் பிள்ளை லோகாசார்யராய்த் தாம் இட்ட கட்டளையை நினைவூட்டி, இவருக்குத் திருவாய்மொழியை ஈட்டோடு உரைக்கும்படி நியமித்தார். தள்ளாத வயதில் தமக்கு அது இயலுமோ என்று நாலூர்ப் பிள்ளை தயங்க, குமாரரைக் கொண்டு சொல்லிவைக்கலாம் என்றும், அதுவும் அவர் சொன்னதாகவே ஆகும் என்றும் பெருமாள் அருளினார். இவ்வாறு நாலூராச்சான் பிள்ளை ஈட்டை உரைக்கத் தொடங்கினார்.

இச்செய்தி திருநாராயணபுரத்துக்கு எட்டியது. அங்கிருந்த ஆயி, இளம்பிலிச்சைப் பிள்ளை முதலியோரும் கேட்க விரும்பினர். நாலூராச்சான் பிள்ளை திருநாராயணபுரத்துக்கு எழுந்தருளி, செல்லப்பிள்ளை ஸந்நிதியில் ஈடு முழுவதையும் அருளிச்செய்தார். நூற்றாண்டுக் காலமாக ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று இழையாக வந்த ஈடு அங்கே மூவருக்கு ஒருங்கே கிடைத்தது. திருமலையாழ்வாரின் ஈடுபாட்டைக் கண்டு மகிழ்ந்த ஆசார்யர், தாம் திருவாராதனம் செய்துவந்த இனவாயர் தலைவன் என்னும் பெருமாளையும் அவருக்குத் தந்தருளினார்.

திருவாய்மொழியைப் பெற்றாயிற்று, இனி ஆழ்வார் அவதரித்த ஊரில் அதை அநுஸந்தித்து வாழவேண்டும் என்று திருமலையாழ்வார் உறுதி கொண்டார். ஆனால் தாமிரபரணிக் கரையில் அவர் கண்ட திருக்குருகூர் காடு மண்டிக் கிடந்தது. திருவீதிகள் புதர்களில் மறைந்திருந்தன. திருப்புளி நின்றது, அதன் அடியில் எழுந்தருளியிருக்க வேண்டிய ஆழ்வார் இல்லை. ஒரு காலத்தில் மதுரையை நிர்வஹித்தவர் இப்போது காட்டை அழித்துத் திருவீதிகளைத் திருத்தினார். திருக்கோயிலைச் சீர்ப்படுத்தினார். காடுவெட்டி குரு என்று அவருக்கு ஒரு பெயர் வழங்குவது இந்தக் கைங்கர்யத்தாலேயே. நிர்வாகத்தில் பழகிய கை, ஆழ்வாருக்கு ஊர் அமைக்கப் பயன்பட்டது.

ஊர் திருந்தியபின் திருக்கணாம்பியிலிருந்து ஆழ்வாரை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வந்து திருக்குருகூரில் நிலைநிறுத்தினார். மலைப் பள்ளத்தில் இருந்து மீண்ட அதே திருமேனி தம் ஊருக்குத் திரும்பியது. ஆழ்வார் வந்தபோது அவருடைய திருவாய்மொழியைப் பொருளோடு அவர் திருமுன்பே விண்ணப்பம் செய்வதற்கு ஒருவர் ஆயத்தமாயிருந்தார் என்பதே இங்கே நாம் நினைக்கவேண்டியது. திருமேனி மட்டும் வந்து, பாசுரத்தின் பொருள் அறிந்தவர் ஒருவரும் இல்லாதிருந்தால், நாதமுனிகள் கண்ட திருக்குருகூரின் நிலையே மீண்டிருக்கும். ஆழ்வார் இருந்தும் அவருடைய வாக்கு இல்லாத ஊராக அது இருந்திருக்கும்.

ஆழ்வார் திருவுள்ளத்தில் இருந்த மற்றொன்றையும் அவர் நிறைவேற்றினார். பிற்காலத்தில் தோன்றப்போகும் ஆசார்யர் என்று ஆழ்வாரால் முன்பே காட்டப்பட்ட எம்பெருமானாரின் பவிஷ்யதாசார்ய விக்ரஹத்துக்கு ஊரின் மேற்கே தனிக்கோயில் அமைத்தார். அதனைச் சுற்றி நான்கு திருவீதிகளை ஏற்படுத்தி, ராமாநுச சதுர்வேதி மங்கலம் என்று பெயரிட்டார். கைங்கர்யம் இடையறாது நடப்பதற்கு வேண்டிய ஏற்பாடுகளையும் செய்தார். சடகோப தாஸர் என்னும் பெயரும் அவருக்கு உண்டாயிற்று. திருவாய்மொழியையே உண்ணும் சோறும் பருகும் நீருமாகக் கொண்டு அதன் அர்த்த அநுஸந்தானத்திலேயே பொழுது போக்கியமையால், திருவாய்மொழிப் பிள்ளை என்னும் திருநாமம் நிலைபெற்றது. பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் ஸ்வாபதேச வ்யாக்யானமும் அருளிச்செய்திருக்கிறார்.

இத்தகையவருக்கும் ஒரு கவலை மிஞ்சியிருந்தது. தமக்குப் பின் இதனை யார் தாங்குவார் என்பதே அது. 1370இல் ஆழ்வார்திருநகரியிலேயே ஐப்பசித் திருமூலத்தில் அவதரித்த அழகிய மணவாளர், தம் தாயாரின் ஊரான சிக்கில் கிடாரத்தில் வளர்ந்து, தம் திருத்தகப்பனாரிடம் அருளிச்செயலையும் வேதத்தையும் கற்று, பின் திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளை அடைந்தார். ஈட்டின் அர்த்தங்கள் அனைத்தும் அவருக்கு வழங்கப்பட்டன. எம்பெருமானாரிடத்தில் ஆசார்யர் வைத்திருந்த பக்தியும் சிஷ்யரிடம் இறங்கியது. பவிஷ்யதாசார்யர் ஸந்நிதியில்தான் அவர் யதிராஜ விம்சதியை அருளிச்செய்தார்.

அந்திம தசையில் திருவாய்மொழிப் பிள்ளை, அருளிச்செயலின் அர்த்தங்களை இனி வளர்ப்பவர் யார் என்று கலங்கினார். அழகிய மணவாளர் அவர் திருவடிகளைத் தொட்டு, தாம் அதனைச் செய்வதாக உறுதி கூறினார். ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டுக்கொண்டு, பின் முழுப்பொழுதும் அருளிச்செயலிலேயே ஈடுபட்டு, திருவரங்கத்தில் நித்யவாஸம் செய்யும்படி ஆசார்யர் நியமித்தார். அந்த உறுதிமொழியைக் கேட்டபின்பே அவர் ஆறுதல் பெற்றுத் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

அந்தக் கவலை வீணானதன்று என்பதற்கு ஒரு சான்று போதும். நாலாயிரம் முழுவதற்கும் வ்யாக்யானம் அருளிய பெரியவாச்சான் பிள்ளையின் உரையில், பெரியாழ்வார் திருமொழிக்கு உரிய பகுதியின் பெரும்பாகம் ஏடு சிதைந்து மறைந்தது. மறைந்த இடங்களுக்கு மட்டும் மணவாள மாமுனிகள் புதிதாக உரை வகுத்து நிரப்பினார். திருவாய்மொழிப் பிள்ளை மதுரையில் அமைச்சராகவே இருந்துவிட்டிருந்தால், அல்லது திருப்புட்குழியில் மனமுடைந்து திரும்பிவிட்டிருந்தால், ஈட்டுக்கும் அந்த நிலை நேர்ந்திருக்கக் கூடும்.

சிஷ்யர் தம் வாக்கைக் காத்தார். பிற்காலத்தில் ஸந்யாஸாச்ரமம் ஏற்று மணவாள மாமுனிகளாக விளங்கிய அவர், நம்பெருமாளின் நியமனத்தால் திருவரங்கத்தில் பெருமாள் திருமுன்பே ஓராண்டு முழுவதும் ஈட்டை அருளிச்செய்தார். உத்ஸவங்களையும் நிறுத்திவைத்துப் பெருமாள் அதனைக் கேட்டருளினார். ஆனித் திருமூலத்தில் சாற்றுமுறை நடந்தபோது, ஒரு சிறுவன் வடிவில் வந்து தனியன் ஒன்றை ஸமர்ப்பித்தவர் நம்பெருமாளே என்று நம் பெரியோர் கொண்டாடுகின்றனர். அந்தத் தனியனின் முதற்சொல்தான் ஸ்ரீசைலேசர் என்னும் திருநாமம். ஆசார்யரின் கருணைக்குப் பாத்திரமானவர் என்று சொல்லித்தான் பெருமாளும் மாமுனிகளைப் போற்றினார். நம்பெருமாள் நாட்டை விட்டு நாடு அலைந்த காலத்தில், அவரைச் சுமந்து சென்ற ஓர் ஆசார்யர் ஜ்யோதிஷ்குடியில் இட்ட கட்டளை, அதே நம்பெருமாள் திருமுன்பே ஈடாக முழங்கி நிறைவேறியது.

இன்றும் வைகாசித் திருநாளில் ஆழ்வார்திருநகரியில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருட வாகனத்தில் எழுந்தருளி ஆழ்வாருக்கு ஸேவை ஸாதிக்கின்றனர். அந்த நெரிசலில் நின்று ஸேவிப்பவர்க்கு அங்கே ஒரு காலத்தில் காடு இருந்தது என்று தோன்றாது. காடாக்கியது காலம். ஊராக்கியவர் திருவாய்மொழிப் பிள்ளை.

தாமிரபரணிக்கு வெகுதூரத்தில், வேற்று நாடுகளில் வாழும் அடியார்கள் ஆழ்வார் ஸந்நிதியை நினைத்தவுடன் ஸேவிக்க இயலாது. ஆனால் ஆழ்வார் ஊரை விட்டு அகன்றிருந்த அக்காலத்திலும் அவரை இழக்காமலிருந்த சிலர் இருந்தனர் என்பதை இந்தச் சரித்திரம் நமக்குச் சொல்லுகிறது. திருநாராயணபுரத்தில் நாலூராச்சான் பிள்ளை ஈட்டை உரைத்தபோது, திருக்குருகூர் காடாகத்தான் இருந்தது. ஆழ்வாரோ அந்த கோஷ்டியில் எழுந்தருளியிருந்தார். ஆசார்யர் முகமாகத் திருவாய்மொழியைக் கற்று, வாயாரச் சொல்லி, அடுத்தவருக்குத் தரும் இல்லம் எதுவும் ஆழ்வார் இல்லாத இல்லமாகாது. கற்பிக்க வல்ல பெரியவர் அருகில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத் திருப்புட்குழியில் அவர் கண்ட பன்னிரண்டாம் நாள் நமக்கு உரைக்கிறது.

அடுத்த முறை கோஷ்டியில் தனியன் தொடங்கும்போது, அந்த முதற்சொல்லில் ஒரு கணம் நெஞ்சை நிறுத்துவோம். அரசைத் துறந்து, ஆசார்யரைத் தேடி நடந்து, காட்டை வெட்டி, ஆழ்வாரையும் அவர் திருவாய்மொழியையும் நமக்கு மீட்டுத் தந்தவருடைய திருநாமம் அது.

திருவாய்மொழிப் பிள்ளை திருவடிகளே சரணம்.
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.